புல்லியில் வைத்த பொட்டு

என் அன்புச் சரசுவுக்கு,

உன்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டு எத்தனை வருஷம் ஆயிற்று? கல்யாணமான புதிதில் நாலு நாள் கூப்பிட்டிருப்பேன். அப்புறம் எல்லாம் 'ஏ புள்ள', 'இந்தா'. மகள் பிறந்த பிறகு 'கோகிலாம்மா'. இன்றைக்கு எழுத உட்கார்ந்தால் உன் பேர்தான் முதலில் வருகிறது. எழுதிவிட்டுக் கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

நாளைக்கு ஆயுத பூஜை. உன் பேர்கொண்ட சாமிக்கும் அதே நாள்தான். போன வருஷம் நீ போய் இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது, வீட்டில் நோம்பி, பண்டிகை இல்லை. வண்டி மாலை இல்லாமல் மூளியாக நின்றது. இந்த ஆடியில் உனக்கு வருஷத் திதி கொடுத்தாயிற்று. அதனால் இன்று வெடியாலேயே வண்டியை வெளியே நிறுத்தி, பானெட்டைத் திறந்து, மண்ணெண்ணெய்த் துணியால் எஞ்சினைத் துடைத்தேன்.

கோகிலா சந்தனக் கிண்ணத்தோடு வந்தாள். "ஏனுங்கப்பா, எங்கெங்க பொட்டு வெக்கட்டுமுங்க?" என்றாள். பேட்டரி, ரேடியேட்டர், ஸ்டீயரிங், நாலு சக்கரம் என்று சொல்லிக்கொண்டே வந்தேன். எஞ்சினுக்கு முன்னால் சுற்றுகிற புல்லியைக் குனிந்து பார்த்தவள் சிரித்துவிட்டாள். "புல்லிக்கு மட்டும் வேண்டாமுங்கப்பா. அம்மா வெச்சு நாம பட்டது போதும்."

நானும் சிரித்தேன். சிரித்துவிட்டு, துணியை அப்படியே போட்டுவிட்டு உள்ளே வந்துவிட்டேன்.

உனக்குத் தெரியும் ஏன் என்று. உனக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும். அதனால்தான் இந்தக் கடிதம். நாளைக்கு டாக்ஸி ஸ்டாண்டில் பூஜை முடிந்து பொரி கொடுப்பதற்கு முன்னால், எல்லாரையும் நிற்க வைத்து இதை வாசிக்கப்போகிறேன். ஊரே கேட்கும். நீ வெட்கப்படாதே. வெட்கப்பட வேண்டியவன் வேறு ஆள்.

முதலில் வீட்டுச் சேதி. கோகிலா பீளமேட்டில் டிப்ளமோ சேர்ந்துவிட்டாள், மெக்கானிக்கல். வகுப்பில் அவளைச் சேர்த்துப் பெண்கள் இரண்டே பேர். நீ வேலை பார்த்த மில்லைத் தாண்டித்தான் பஸ் போகிறதாம். சங்கு ஊதினால் ஜன்னல் வழியாக எட்டிப் பார்ப்பாளாம். நம் ஸ்டாண்டில் இப்போது பாதிக்குப் பாதி மாருதி வேன். ஆனாலும் கல்யாண முகூர்த்தம் என்றால் நம் வெள்ளை அம்பாசிடரைத்தான் கேட்டு வருகிறார்கள். பின்சீட்டில் பட்டுப்புடவை கசங்காமல் மூன்று பேர் உட்காரலாம் அல்லவா!

மெக்கானிக் நடராஜ் எஞ்சின் டைமிங் பார்க்க லைட்டு வாங்கியிருக்கிறார். துப்பாக்கி மாதிரி பிடித்து அடித்தால் சுற்றுகிற புல்லி நிற்கிற மாதிரித் தெரிகிறது. போன மாதம் நம் வண்டிக்கு அடித்துப் பார்த்தார். அணைத்துவிட்டு, "அம்மணி நூல்ல வெச்சதுதானுங்க, ஒரு மயிரிழை நகரலை" என்றார். எனக்கு அங்கேயே காலரைத் தூக்கிவிட்டுக்கொள்ளத் தோன்றியது.

இனி நல்லதில்லாத சேதி ஒன்று. கோகிலாவின் வகுப்பில் டைமிங் பாடம் நடந்திருக்கிறது. பிஸ்டனின் உச்சிப் புள்ளியை எப்படிக் கண்டுபிடிப்பது என்று வாத்தியார் கேட்டிருக்கிறார். இவள் எழுந்து, "எங்கம்மா நூல்ல கண்டுபுடிச்சாங்க சார்" என்று கதையைச் சொல்லியிருக்கிறாள். நம் ஸ்டாண்டுக்காரர் ஒருவரின் பையன் அதே வகுப்பு. அவன் பின்னாலிருந்து, "கெடுத்ததே உங்கம்மாதான. கெடுத்தவங்களுக்கு எங்க கெட்டுதுன்னு தெரியாதா?" என்றானாம். வகுப்பே சிரித்திருக்கிறது.

என்னிடம் அதை வேடிக்கையாகத்தான் சொன்னாள். ஆனால் சொல்லும்போது தட்டில் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள், வாய்க்குக் கொண்டுபோகவில்லை. தன் அம்மாவைப் பற்றி அவள் பெருமைப்படுகிற ஒரு விஷயத்தில் பாதியைப் பிடுங்கிக்கொண்டார்கள். பிடுங்கிக் கொடுத்தவன் நான்.

ஆகவே நடந்ததை நடந்தபடி சொல்லிவிடுகிறேன். உனக்குத் தெரிந்த கதைதான். கேட்கிறவர்களுக்கு முழுசாகத் தெரியாது.

நாலைந்து வருஷத்துக்கு முந்திய கார்த்திகை மாதம். மதுக்கரையில் ஒரு ரிடையர்டு ஆபீசரிடம் வாங்கிய இந்தப் பெட்ரோல் வண்டி, அதுவரைக்கும் தாய் சொல்லைத் தட்டாத பிள்ளையாக ஓடிக்கொண்டிருந்தது. பிளக்குகளுக்குக் கரண்டை விட்டுவிட்டு அனுப்புகிற பாயின்ட் தேய்ந்துபோனது. வருஷா வருஷம் மாற்றுகிற சாமான்தான். அந்தத் தடவை முதன்முதலாக நடராஜிடம் விட்டேன், அவர் மாற்றிவிட்டு டைமிங் வைத்துக் கொடுத்தார். அன்றைக்குப் பிடித்தது சனி.

வண்டி ஸ்டார்ட் ஆகும். ஆனால் நிற்கும்போது மேலும் கீழுமாக உதறும். ஆக்சிலேட்டரை மிதித்தால் யோசித்துவிட்டுத்தான் கிளம்பும். மேட்டில் இழுவை இல்லை. சைலன்சரில் பட் பட் என்று வெடி. ரேடியேட்டர் கொதித்துக் கொதித்து, பாலக்காட்டு ரோட்டில் எந்தெந்த வீட்டில் கிணறு இருக்கிறது என்று எனக்கு மனப்பாடம் ஆகிவிட்டது. ஸ்டாண்டில் இதற்கு ஒரே வார்த்தைதான்: மிஸ்ஸிங் அடிக்குது.

நான் என்ன செய்திருக்க வேண்டும்? நடராஜிடம் போய், நீங்கள் கை வைத்த பிறகு வண்டி சரியில்லை என்று சொல்லியிருக்க வேண்டும். நம் ஊரில் பிறந்த வாய்க்கு அது வருமா? அவர், "எப்புடீங்க ஓடுது?" என்று கேட்டார். நான், "பரவாயில்லீங்க, ஓடுதுங்க" என்றேன். அவர் மனசு நோகக்கூடாது பார்! அங்கிருந்து நேராக உக்கடத்துப் பக்கம் ஒரு பட்டறைக்கு வண்டியை விட்டேன். அங்கே, நடராஜ் டைமிங் வைத்ததைச் சொல்லவில்லை. சொன்னால் நடராஜைக் குறை சொன்ன மாதிரி ஆகிவிடுமே.

உக்கடத்துக்காரர் பிளக்கை மாற்றினார், கார்ப்ரேட்டரைக் கழற்றிக் கழுவினார், கடைசியில் டைமிங் மார்க்குக்குச் சரியாக இருக்கிறதா என்று பார்த்து, சரியாக இருக்கிறது என்று திருப்திப்பட்டுக்கொண்டார். வண்டி அதே உதறல். அவர் கேட்டபோதும், "பரவாயில்லீங்க" என்றுதான் சொன்னேன். மறுபடி நடராஜ். அவரிடம் உக்கடத்தைச் சொல்லவில்லை. ஆளுக்கு ஆள் மரியாதை கொடுத்து மூன்று மாதம் வண்டியைக் கொன்றேன்.

மரியாதையெல்லாம் முகத்துக்கு நேரேதான். முதுகுக்குப் பின்னால் ஸ்டாண்டில் என்ன பேசினோம்? "நடராஜ் கை வெச்சா வண்டி படுத்துக்கும்" என்று ஒருவன் சொன்னான். நான் மறுக்கவில்லை. இரண்டு பேர் அவரிடம் வண்டி விடுவதை நிறுத்திவிட்டார்கள். அந்த மனிதருக்கு ஏன் என்றே தெரியாது.

தை பிறந்தது. வழி பிறக்கும் என்பார்கள், எனக்கு இருந்த வழியும் அடைத்தது. முகூர்த்த மாசத்தில் ஒரு மாப்பிள்ளை வீட்டுக்காரர்களை வாளையாருக்குப் பக்கத்தில் நடு ரோட்டில் இறக்கிவிட்டு, வேறு வண்டி பிடித்து அனுப்பினேன். மாப்பிள்ளையின் அம்மா என்னைப் பார்த்த பார்வை இன்னும் முதுகில் இருக்கிறது. அந்த வாரமே முடிவு பண்ணினேன். உக்கடத்தில் பழைய வண்டி உடைக்கிற ஆளிடம் பேசி, ஞாயிற்றுக்கிழமை பொழுதோட, இருட்டுவதற்குள், வந்து பார்க்கச் சொன்னேன். வண்டி போனால் நான் மறுபடியும் இன்னொருத்தர் வண்டிக்கு டிரைவர். எட்டு வருஷம் அப்படி இருந்துவிட்டுத்தான் சொந்தமாக ஒன்று வாங்கியிருந்தேன். உன்னிடம் சொல்லும்போது குரல் உடைந்துவிடக்கூடாது என்று சட்டையைத் தேடுகிற மாதிரி அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டு சொன்னேன்.

நீ அழுவாய் என்று நினைத்தேன். நீ கேட்டது வேறு. "விக்கறதுன்னா வித்துப்போடுங்க மாமா. ஆனா என்ன நோவுன்னே தெரியாம எப்புடி விக்கறது? ஒருக்கா ஸ்டார்ட் பண்ணுங்க, நான் கேக்கறேன்."

எனக்குச் சிரிப்பு வந்தது. ஒளிப்பானேன். மில்லில் கோன் வைண்டிங், அதாவது நூலைக் கூம்பில் சுற்றுகிற வேலை, பார்க்கிறவளுக்கு எஞ்சினில் என்ன கேட்கப்போகிறது என்று நினைத்தேன். உன் பிரிவில் வரிசையாக நூல் சுற்றுகிற ஸ்பிண்டில் எத்தனை, அத்தனையும் ஒரே இரைச்சல், அதற்குள் எது கெட்டிருக்கிறது என்று பன்னிரண்டு வருஷமாகக் கண்டுபிடித்துக்கொண்டிருந்த காது உன்னுடையது என்பது எனக்கு அப்போது தோன்றவில்லை.

முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு பானெட் பக்கம் நின்றாய். தலையைச் சாய்த்துக் காது கொடுத்துவிட்டுக் கேட்டாய், "இது நாலு பிளக்குங்களா? ஒண்ணொண்ணா வயரைக் கழட்டி மாட்டுங்க."

தடித்த ரப்பரைச் சுற்றிய குறடால் ஒவ்வொன்றாகக் கழற்றினேன். ஒன்றைக் கழற்றினால் எஞ்சின் தணிந்தது, மாட்டினால் ஏறியது. இரண்டாவதும் அப்படியே. நாலும் அப்படியே.

"நாலுலயும் ஒரே மாதிரி எறங்குதுங்க" என்றாய். "ஒரு ஸ்பிண்டில் கெட்டா அந்த ஒரு கோன்தானுங்க கெடும். எல்லாக் கோனும் ஒண்ணுபோலக் கெட்டா ஸ்பிண்டிலைக் கொற சொல்லக்கூடாது. எல்லாத்தையும் ஓட்டறது எதுவோ அதுலதான் கோளாறு. இதுல நாலுக்கும் பொதுவா என்னங்க இருக்குது?"

பெட்ரோலும் டைமிங்கும்தான் பொது. கார்ப்ரேட்டரை உக்கடத்தில் கழுவியாயிற்று. மிச்சம் டைமிங். அதை மூன்று தடவை மார்க்குக்கு வைத்தாயிற்றே என்றேன்.

"யாரு வெச்சாங்க?"

"நடராஜ்தான்."

"அவரைக் கூப்புடுங்க."

அங்கேதான் நான் நெளிந்தேன். அவரை எப்படிக் கூப்பிடுவது, என்ன சொல்லிக் கூப்பிடுவது? நீ என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமை காலையில் நீயே அவர் வீட்டுக்குப் போனாய். அவரோடு திரும்பி வந்தாய். பின்னாலேயே விஷயம் தெரிந்து ஸ்டாண்டிலிருந்து இரண்டு மூன்று பேர் வேடிக்கை பார்க்க வந்துவிட்டார்கள்.

எல்லார் முன்னாலும் நீ சொன்னதை நான் சாகிற வரைக்கும் மறக்கமாட்டேன். "ஏனுங்ண்ணா, தப்பா எடுத்துக்காதீங்க. கார்த்திகையில நீங்க பாயின்ட் மாத்துனதுக்கப்புறந்தானுங்க வண்டி சரியில்லை. நடுவுல உக்கடத்துலயும் காட்டிப்போட்டாருங்க. உங்ககிட்டச் சொல்லக் கூச்சப்பட்டுக்கிட்டு இவரு சொல்லலை."

எனக்குப் பூமி பிளந்தால் உள்ளே போய்விடலாம் போல இருந்தது. நடராஜ் முகம் கறுத்தது. பிறகு அவர் என்னைப் பார்த்துச் சொன்னார், "ஏனுங்க ஆறுமுகம், இதை அன்னைக்கே என்ற மொகத்துக்கு நேரா சொல்லியிருந்தா அன்னைக்கே பாத்திருப்பனே! ஓடுது ஓடுதுன்னு சொன்னீங்களேப்பா. நானும் நம்பிப்போட்டேன்."

மூன்று மாதமாக நான் அவருக்குக் கொடுத்த மரியாதையின் லட்சணம் அதுதான்.

கேட்கிறவர்களில் வண்டி தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. பிஸ்டன் உச்சிக்கு வருகிற நேரத்துக்குச் சரியாகப் பிளக்கில் பொறி விழ வேண்டும். பிந்தி விழுந்தால் வண்டி சூடாகும், உதறும், இழுக்காது. அந்த நேரத்தைப் பார்க்க எஞ்சின் முன்னால் இருக்கிற புல்லியின் விளிம்பில் ஒரு சின்ன வெட்டு இருக்கும். அது எதிரே இருக்கிற முள்ளுக்கு நேராக வந்தால் பிஸ்டன் உச்சியில் இருக்கிறது என்று அர்த்தம். வெட்டு கண்ணுக்குத் தெரியவேண்டும் என்று மெக்கானிக்குகள் அதன் மேல் வெள்ளைப் பெயின்ட் ஒரு சொட்டுத் தொட்டு வைப்பது வழக்கம். நம் புல்லியிலும் ஒரு வெள்ளைச் சொட்டு இருந்தது. நடராஜும் உக்கடத்துக்காரரும் அதற்குத்தான் வைத்தார்கள்.

"மார்க்கு சரியாத்தான் இருக்குதுங்க அம்மணி" என்றார் நடராஜ், குனிந்து காட்டி.

"மார்க்கு சரின்னு யாருங்ண்ணா சொன்னது?"

அவர் தலையைச் சொறிந்தார். அவரிடம் அதுவரை யாரும் அப்படிக் கேட்டதில்லை. நானும்தான் கேட்டதில்லை.

"பிஸ்டன் உச்சிக்கு வாரதை மார்க்கில்லாமக் கண்ணுல பாக்க முடியாதுங்களா?" என்றாய். பிளக்கைக் கழற்றி, அந்த ஓட்டை வழியாகக் கம்பி விட்டால் கம்பி ஏறுவது தெரியும் என்றார் அவர். ஆனால் உச்சிக்குப் பக்கத்தில் பிஸ்டன் அசைகிறதா நிற்கிறதா என்றே தெரியாது, அங்கே கொஞ்ச தூரம் கம்பி சும்மா நிற்கும், எது நடு என்று சொல்ல முடியாது என்றார்.

நீ வீட்டுக்குள் போய், கோகிலாவின் சைக்கிள் மாற்றியபோது மிஞ்சிய ஸ்போக்ஸ் கம்பி ஒன்றும், மில் நூல் சுற்றிய ஒரு கோனும் எடுத்து வந்தாய். உள்ளே விழுந்துவிடாமல் கம்பியின் நுனியை வளைத்தாய். நடுவில் நூலால் ஒரு முடிச்சுப் போட்டாய்.

நாலு பிளக்கையும் கழற்றியாயிற்று. நடராஜ் ஹேண்டில் போட்டு எஞ்சினை மெதுவாகச் சுற்றினார். நீ கம்பியை முதல் ஓட்டையில் விட்டு விரலால் லேசாக அழுத்திப் பிடித்திருந்தாய். கம்பி ஏறியது. முடிச்சு ஓட்டை விளிம்புக்கு வந்ததும், "நிறுத்துங்ண்ணா" என்றாய். புல்லியில் முள்ளுக்கு நேராகச் சாக்பீஸில் என்னை ஒரு கோடு போடச் சொன்னாய். "இனிச் சுத்துங்க." முடிச்சு மேலே போனது, நின்றது, இறங்கியது. மறுபடி அதே விளிம்புக்கு வந்ததும், "நிறுத்துங்க." இன்னொரு கோடு.

"ஏறயிலயும் எறங்கயிலயும் ஒரே ஒசரமுங்க. அப்ப உச்சி இந்த ரெண்டு கோட்டுக்கும் நடுவுலதான இருக்கோணும்?"

நூலை எடுத்துப் புல்லியின் விளிம்போடு ஒட்டி, ஒரு கோட்டிலிருந்து மறு கோடு வரைக்கும் அளந்தாய். பல்லால் கடித்து அறுத்தாய். இரண்டு நுனியையும் சேர்த்து மடித்தாய். மடிப்பைப் பிடித்துக்கொண்டு மறுபடி புல்லியில் வைத்து, மடிப்பு வந்த இடத்தில் நகத்தால் கீறினாய். அவ்வளவுதான். அளவுகோல் இல்லை, கணக்கு இல்லை.

நகக் கீறலுக்கும் வெள்ளைச் சொட்டுக்கும் ஒரு விரற்கடை தூரம் இருந்தது.

நடராஜ் ஒரு துணியில் மண்ணெண்ணெய் தொட்டு நீ கீறின இடத்தைத் துடைத்தார். மசியும் மண்ணும் கெட்டியாக அப்பியிருந்தது. நீ சேலையிலிருந்து ஊக்கைக் கழற்றிக் கொடுத்தாய். அவர் கிளற, உள்ளே பளிச்சென்று ஒரு வெட்டு தெரிந்தது. நீ நூல் மடித்துக் காட்டின அதே இடம்.

அந்த மனிதர் ஊக்கை உன் கையில் திருப்பிக் கொடுத்துவிட்டு எழுந்து நின்றார். "முப்பது வருசமா இந்தத் தொழில் பண்றனுங்க அம்மணி" என்றார். வந்திருந்தவர்களில் ஒருவன் கை தட்டினான். நான் உன் பக்கத்தில் போய் நின்றுகொண்டேன், இவள் யார் வீட்டுக்காரி என்று எல்லாருக்கும் தெரியட்டும் என்று.

வெட்டுக்கு நேராக டைமிங் வைத்து, பிளக்கை மாட்டி, சாவியைத் திருகினேன். வண்டி அப்படியே அடங்கி நின்றது. உதறல் இல்லை, வெடி இல்லை. நடராஜையும் உன்னையும் ஏற்றிக்கொண்டு மதுக்கரை தாண்டி ஒரு மிதி மிதித்தேன். டாப் கியரிலேயே மேடு ஏறியது. நீ பின்சீட்டில் உட்கார்ந்து ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தாய், ஏதோ தினமும் செய்கிற வேலையை முடித்துவிட்டு மில் பஸ்ஸில் வருகிறவள் மாதிரி.

திரும்பி வந்து இறங்கியதும் நடராஜ் மறுபடி குனிந்து அந்த வெள்ளைச் சொட்டை நகத்தால் சுரண்டினார். "இதை எவன் வெச்சான்னு மட்டும் தெரியோணும். எனக்கு முந்திக் கை வெச்ச எவனாவதா? இல்ல முன்ன வெச்சிருந்த மதுக்கரைக்காரரா? என்ற பேரையே கெடுத்துப்போட்டானே."

எனக்கு அந்த நிமிஷம்தான் உறைத்தது.

அந்த வருஷ ஆயுத பூஜைக்கு நீ மில்லில் பூஜை என்று போய்விட்டாய். வண்டிக்குப் பொட்டு வைத்தது நான். முந்தின வருஷம் புல்லிக்கு வைத்த சந்தனம், வண்டியை எடுத்ததும் சுற்றித் தெறித்துப் பானெட் பூரா புள்ளி புள்ளியாக அடித்திருந்தது. மற்ற இடத்துக்குச் சந்தனம் வைத்தவன், சுற்றுகிற சாமானுக்குத் தெறிக்காத பொட்டாக வைப்போம் என்று, வாசல் கேட்டுக்கு அடித்து மிஞ்சின வெள்ளைப் பெயின்ட்டில் விரலைத் தொட்டுப் புல்லியில் வைத்தேன். நடுவில் கொஞ்சம் குங்குமம்கூட வைத்தேன். குங்குமம் உதிர்ந்துவிட்டது. பெயின்ட் நின்றுவிட்டது. என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டு, அப்புறம் அதை மறந்தும் போனேன்.

வாயைத் திறந்தேன். எதிரே நடராஜ், பின்னால் ஸ்டாண்டு ஆட்கள். மூடிக்கொண்டேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்த்தேன். நீ என் முகத்தைப் பார்த்தாய். அப்புறம் நம் கேட்டைப் பார்த்தாய்.

"நாந்தானுங்ண்ணா" என்றாய். "ஆயுத பூஜைக்குப் பொட்டு வெச்சேன். உங்க பேர்ல ஒரு தப்பும் இல்லீங்க. மன்னிச்சுப்போடுங்க."

ஒரே சிரிப்பு. "அட அம்மணி! வண்டிக்குப் பொட்டு வெச்சு மெக்கானிக்குக்கு நாமம் போட்டுட்டீங்களே!" என்று ஒருவன் சொல்ல, நடராஜ்கூடச் சிரித்துவிட்டார். அவர் பேர் அங்கேயே மீண்டது. அடுத்த வாரமே விட்டுப்போனவர்கள் வண்டியைக் கொண்டுவந்தார்கள். நீ என்னிடம் திரும்பி, "ஏனுங்க, அந்த கேட் பெயின்ட்டை எடுத்துட்டு வாங்க. இந்தத் தடவை சரியான எடத்துல வெச்சுப்போடறேன்" என்றாய். டப்பாவை எடுத்து வந்து, தலையைக் குனிந்துகொண்டே உன் கையில் கொடுத்தேன். என் பொட்டைச் சுரண்டி எடுத்துவிட்டு, வெட்டின் மேல் ஒரு சொட்டு வைத்தாய்.

பொழுதோட உக்கடத்து ஆள் வண்டியைப் பார்க்க வந்தார். "வண்டி விக்கறதில்லீங்க. ஒறம்பரையா வீடு தேடி வந்துட்டீங்க, காப்பி குடிச்சுட்டுப் போங்க" என்று டம்ளரை நீட்டினாய். பாவம், மனிதர் காப்பி குடித்துவிட்டுப் போனார்.

அவர் போனதும் கேட்டேன், ஏன் அப்படிச் சொன்னாய் என்று. "நீங்க வெச்சீங்கன்னு தெரிஞ்சா, தன் வண்டி மார்க்கு தெரியாத டிரைவர்னு ஸ்டாண்டுல காலத்துக்கும் பேசுவாங்க. நான் வெச்சேன்னா சிரிச்சுட்டு உட்டுருவாங்க. நான் என்ன டாக்ஸியா ஓட்டப்போறேன்?" என்றாய். டம்ளரைக் கழுவிக்கொண்டே இன்னொன்றும் சொன்னாய். "கோகிலா கேட்டா மட்டும் நெசத்தைச் சொல்லிப்போடுங்க."

சொல்கிறேன் என்றேன். அவள் கேட்கவேயில்லை, நானும் சொல்லவேயில்லை. 'பொட்டு வெச்ச அம்மணி' என்று உனக்குப் பட்டப்பேரே வந்தது. ஸ்டாண்டில் கதை சொல்லும்போதெல்லாம் நானும் சேர்ந்து சிரித்தேன். கண்டுபிடித்தவள் என்ற பேர் உனக்கு வந்தது வாஸ்தவம். ஆனால் கெடுத்தவளே கண்டுபிடித்தாள் என்று அதன் பாதி தேய்ந்துபோனது. ஒரு தடவைகூட நீ முகம் சுளிக்கவில்லையே சரசு, எப்படி முடிந்தது உன்னால்? உள்ளுக்குள் எப்போதாவது வலித்ததா? நான் கேட்டிருக்க வேண்டும்.

இங்கே வரைக்கும் எழுதி நிறுத்திவிட்டு, கோகிலாவை உட்கார வைத்துச் சொல்லிவிட்டேன். கோபித்துக்கொள்வாள் என்று நினைத்தேன். அவள் எழுந்து போய் வண்டி முன்னால் குனிந்து அந்த வெள்ளைச் சொட்டைத் துடைத்துப் பார்த்தாள். "அப்ப இது அம்மா வெச்சதுங்களாப்பா?" என்றாள். ஆமாம் என்றேன். "இதை மட்டுந்தான் அம்மா வெச்சாங்களா?" ஆமாம் என்றேன். அதன் பக்கத்தில், அதன் மேல் படாமல், சந்தனத்தால் ஒரு பொட்டு வைத்தாள். தெறிக்கும் கண்ணு என்றேன். தெறிக்கட்டும் என்றாள்.

நாளைக்கு நடராஜ் இருப்பார், அந்தப் பையனின் அப்பா இருப்பார், ஸ்டாண்டு மொத்தமும் இருக்கும். எல்லார் முன்னாலும், யார் மனசு நோகும் என்று பார்க்காமல், ஒரு வரி விடாமல் வாசிப்பேன். அப்புறம் பானெட்டைத் திறந்து காட்டுவேன். ஊர் உனக்கு வைத்த பேரை மாற்ற வேண்டாம் என்று சொல்வேன். பொட்டு வைத்த அம்மணி நீதான். சரியான இடத்தில் வைத்தது நீதான். இது சத்தியம்.

இப்படிக்கு,
தப்பான இடத்தில் பொட்டு வைத்த
உன் மாமன்
ஆறுமுகம்